விண்வெளியில் அன்றாட வாழ்வின் வரலாறு

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் போரையும் வெற்றியையும் பேசுகின்றன. மக்கள் எந்த வேளையில் உண்டார்கள், எங்கே படுத்து உறங்கினார்கள், ஓய்வுப் பொழுதை எவ்வாறு கழித்தார்கள் என்பவற்றை அவற்றில் தேடிக் காண்பது அரிது. விண்வெளிப் பயணத்தின் வரலாறும் இதற்கு விலக்கன்று. முதலில் சென்றவர் யார், சந்திரனில் கால் வைத்தவர் யார் என்னும் வினாக்களுக்குப் பள்ளிச் சிறுவரும் விடை கூறுவர். ஆனால் பூமிக்கு மேலே மாதக்கணக்கில் குடியிருக்கும் மனிதர், உண்ணவும் உறங்கவும் உடலைப் பேணவும் எவ்வாறு கற்றுக்கொண்டனர் என்று வினவினால் விடை எளிதில் வாராது. அந்த எளிய செயல்களின் வரலாற்றையே நாம் இங்குக் காணப் புகுகிறோம். இன்று அங்கே வழக்கமாகிவிட்ட செயல்களுள் பல, யாரோ ஒருவர் பட்ட துன்பத்தின் பயனாக வந்தவை. சில, உயிரையே விலையாகக் கொண்டவை.

முதற்கண் அவ்விடத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகிறது. அவ்வுயரத்தில் பூமியின் ஈர்ப்பு அற்றுப்போய்விடுவதில்லை. தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்களவு அங்கும் உண்டு. எனினும் நிலையமும் அதனுள் இருப்போரும் பூமியை நோக்கி ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கின்றனர். அதே வேளையில் மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டிலும் விரைவதால், அவர்கள் விழும் பாதை பூமியின் வளைவோடு ஒத்துப்போய்விடுகிறது. தரையை எட்டுவதே இல்லை. கயிறு அறுந்து கிணற்றில் விழும் வாளியை எண்ணிப் பாருங்கள். வாளியும் நீரும் ஒன்றாக விழுகின்றன; ஆதலால் நீர் வாளியின் அடியை அழுத்துவதில்லை. எடையின்மை என்று நாம் கூறும் நிலை இதுவே. அங்கே மேல் என்பதும் இல்லை, கீழ் என்பதும் இல்லை. ஒரு சுற்று முடிய ஒன்றரை மணிக்குச் சற்று மிகுதியான நேரமே ஆவதால், ஒரு நாளில் பதினாறு முறை ஞாயிறு எழுந்து மறைகிறது. பகலையும் இரவையும் வகுத்துத் தருவார் அங்கு எவரும் இலர். மனிதர் தாமே தமக்கு ஒரு நாளை வகுத்துக்கொள்ள வேண்டும்.

1961ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் யூரி ககாரின் பூமியை ஒருமுறை சுற்றி வந்தபோது, மருத்துவர்களுக்கு இருந்த ஐயங்கள் நமக்கு இன்று வியப்பளிக்கக்கூடும். எடையற்ற நிலையில் உணவு தொண்டைக்குள் இறங்குமா என்பதும் அவற்றுள் ஒன்று. குழாயில் அடைத்த கூழைப் பிதுக்கி உண்டு, அந்த ஐயத்தை ககாரின் தீர்த்து வைத்தார். அவருடைய பயணம் 108 நிமிடங்களே நீடித்தது. ஆதலால் உறக்கத்தைப் பற்றிய கேள்வி எழவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் புறப்பட்ட கெர்மன் டிட்டோவ் ஒரு முழு நாளுக்கு மேல் விண்வெளியில் இருந்தார். அங்கே முதன்முதலில் உறங்கியவர் அவரே. கண்ணயர்ந்ததும் அவருடைய கைகள் தாமாகவே மேலெழுந்து மிதக்கலாயின; அவற்றை இடைவாரின் கீழ்ச் செருகிக்கொண்டு உறங்கினார். தலைச்சுற்றலும் குமட்டலும் கொண்டவர்களிலும் அவரே முதல்வர். விண்வெளிக்குச் செல்வோரில் பலருக்குத் தொடக்க நாட்களில் இந்நோய் வந்து நீங்குதல் இயல்பு என்பது பின்னரே தெளிவாயிற்று.

உணவைப் பற்றிய மற்றொரு பாடம் 1965ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கிடைத்தது. ஜெமினி 3 என்னும் அமெரிக்கக் கலத்தில் சென்ற ஜான் யங், எவருக்கும் அறிவியாமல் ஓர் இறைச்சி சாண்ட்விச்சைச் சட்டைப்பையில் மறைத்து எடுத்துச் சென்றார். உடன் சென்ற கஸ் கிரிஸம் அதைக் கடித்த அளவில் ரொட்டித் துகள்கள் காற்றில் மிதக்கத் தொடங்கின. அவர் உடனே அதைப் பைக்குள் வைத்துவிட்டார். கேலியாகத் தொடங்கிய இச்செயல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவில் கேள்வியாக எழுந்தது. காரணம் இல்லாமல் இல்லை. தரையிலே துகள் கீழே விழும். விண்வெளியிலோ அது மின்கருவிகளுக்குள்ளும் புகலாம், மனிதர் கண்ணிலும் மூச்சிலும் புகலாம். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1985இல், மெக்ஸிகோ நாட்டு வீரரான ரோடால்போ நேரி வேலா, நம் சப்பாத்தியை ஒத்த தம் நாட்டு ரொட்டியைக் கொண்டு சென்றார். அது உதிராது, நெடுநாள் கெடாது. அன்று முதல் அமெரிக்க வீரர்களின் உணவில் அதுவே ரொட்டியின் இடத்தைப் பெற்றது. உப்பும் மிளகும் பொடியாக அன்றி நீர்ம வடிவில் அங்குப் பயன்படுவதும் இக்காரணம் பற்றியே.

நாட்கள் நீள நீள, உடலைப் பற்றிய கவலை மிகுந்தது. 1965ஆம் ஆண்டு டிசம்பரில் போர்மன், லவெல் என்னும் இருவர், மோட்டார் வண்டியின் முன்னிருக்கையளவே இடம் கொண்ட ஜெமினி 7 கலத்தில் பதினான்கு நாள் தங்கினர். 1970ஆம் ஆண்டு ஜூனில் நிக்கோலாயெவ், செவஸ்தியானொவ் என்னும் சோவியத் வீரர் இருவர் சோயூஸ் 9இல் பதினெட்டு நாள் அளவும் இருந்து மீண்டனர். தரையிறங்கிய பின்னர் அவர்களால் தாமாக எழுந்து நடக்க இயலவில்லை. பிறர் தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. சுமை தாங்கும் வேலை இல்லாதபோது தசை மெலிகிறது, எலும்பும் சுண்ணாம்புச் சத்தை இழக்கிறது. நடக்காத கால் நடையை மறக்கிறது என்று கூறினும் தகும். விண்வெளியில் உடற்பயிற்சி என்பது விருப்பமன்று, கடமையே என்னும் தெளிவு இவ்வாறுதான் பிறந்தது.

குடியிருப்பதற்கென்றே அமைந்த முதல் விண்வெளி நிலையம் சல்யூத் 1. சோவியத் நாடு அதனை 1971ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏவியது. ஜூன் மாதம் தொப்ரவோல்ஸ்கி, வோல்கொவ், பாத்சாயெவ் என்னும் மூவர் அதனுள் புகுந்து மூன்று வாரத்திற்கு மேல் தங்கினர். அவர்கள் உண்பதையும் பணி செய்வதையும் சோவியத் மக்கள் தொலைக்காட்சியில் நாள்தோறும் கண்டு மகிழ்ந்தனர். பாத்சாயெவ் தம் முப்பத்தெட்டாம் பிறந்தநாளை அங்கேயே கொண்டாடினார். ஜூன் 30ஆம் நாள் அவர்கள் திரும்பும் வழியில், கலத்தின் பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில் காற்றுக்கதவு ஒன்று திறந்துகொண்டது. உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. கலம் தரையில் செம்மையாக இறங்கிற்று. திறந்து பார்த்தோர் கண்டது மூன்று உயிரற்ற உடல்களையே. அக்காலத்தில் சோயூஸ் கலத்தில் மூவருக்கு இடம் வேண்டி, காற்றழுத்த உடை அணிவதை விலக்கியிருந்தனர். அதன் பின்னர் உடை கட்டாயமாயிற்று. அதற்கு இடம் காண்பதற்காக ஒரு கலத்தில் செல்வோர் எண்ணிக்கையும் பல ஆண்டுகள் இரண்டாகக் குறைந்தது. இன்று சோயூஸில் ஏறும் வீரர் அந்த உடையை அணியும்போதெல்லாம் அம்மூவரின் கடன் நினைவுக்கு வருகிறது.

விண்வெளியில் வீடு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை முறையாக எண்ணிப் பார்த்தது அமெரிக்காவின் ஸ்கைலாப் நிலையத்தை அமைத்தபோதுதான். ரேமண்ட் லோவி என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் ஆலோசனை இதன்பொருட்டு நாடப்பட்டது. வெளியே பார்ப்பதற்குச் சாளரம் ஒன்று வேண்டும் என்றும், ஒவ்வொருவருக்கும் தனியறை வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். சாளரம் வைத்தால் சுவரின் உறுதி குறையும் என்று பொறியாளர் தயங்கினர். இறுதியில் சாளரம் அமைந்தது. மூவரும் சுற்றி இருந்து உண்ணும் மேசை முக்கோணமாகச் செய்யப்பட்டது. அதில் தலைமை இடம் என ஒன்று இல்லை. குளிர்ப்பெட்டியும், உணவைச் சூடாக்கும் தட்டும், துணித்திரைக்குள் நின்று நீராடும் கருவியும் இருந்தன. நீராடலோ பெரும்பாடாயிற்று. உடலில் ஒட்டிக்கொண்டு வழியாமல் நிற்கும் நீரை உறிஞ்சி எடுக்கவே நெடுநேரம் ஆயிற்று. பிற்காலத்தில் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளும் வழக்கம் நிலைபெற்றதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

1973ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் ஸ்கைலாப் ஏவப்பட்டபோதே அதன் வெப்பக் கவசம் பிய்ந்துபோயிற்று. உள்ளே வெம்மை தாங்கொணாததாயிற்று. முதலில் சென்ற கொன்ராட், கெர்வின், வைட்ஸ் ஆகிய மூவர் குடை போன்ற மறைப்பு ஒன்றை விரித்து நிலையத்தைக் காத்து, 28 நாள் வாழ்ந்தனர். இரண்டாம் குழுவினர் 59 நாள் இருந்தனர். அவர்கள் ஊக்கம் மிக்கவர்கள். கொடுத்த பணியை முடித்துவிட்டு மேலும் பணி கேட்டு வாங்கினர். இதுவே மூன்றாம் குழுவுக்கு இடராக முடிந்தது.

கார், கிப்ஸன், போக் என்னும் மூவரும் விண்வெளிக்குப் புதியவர். அவர்கள் 1973 நவம்பர் 16ஆம் நாள் புறப்பட்டனர். முந்திய குழுவினர் பழகிய பின் எய்திய வேகத்தையே அளவுகோலாகக் கொண்டு, தரையில் இருந்தோர் இவர்களுக்கு முதல் நாள் தொட்டே அட்டவணை வகுத்துவிட்டனர். சென்ற அன்றே போக் குமட்டலுக்கு ஆளானார். அதை மறைக்க எண்ணி மூவரும் பேசிக்கொண்டது ஒலிநாடாவில் பதிவாகித் தரைக்கு எட்டியது; வெளிப்படையான கண்டனம் வந்தது. அதன் பின் வாரக்கணக்கில் அவர்கள் ஒரு வேலையை முடிக்குமுன் அடுத்த வேலைக்கு ஓடினர். கருவியை எடுத்து வைக்கவும் நேரம் இல்லை. அவசரத்தில் பிழைகள் நேர்ந்தன. உண்ணும் பொழுதும் உறங்குமுன் உள்ள பொழுதும் பணியால் விழுங்கப்பட்டன.

டிசம்பர் 30ஆம் நாள் தலைவர் கார் தரைக் கட்டுப்பாட்டாளரோடு மனம் திறந்து பேசினார். இவ்வேகத்தில் தரையில் எவரும் வேலை வாங்கப்படுவதில்லை, எங்களை மட்டும் ஏன் இவ்வாறு விரட்டுகிறீர்கள் என்பதே அவருடைய முறையீட்டின் சாரம். தரையில் இருந்தோரும் தம் குறைகளைக் கூறினர். பின்னாளில் சிலர் இதனை வேலைநிறுத்தம் என்றும் கலகம் என்றும் கதை கட்டினர், அது உண்மையன்று. உண்மையில் நிகழ்ந்தது உரையாடலே. அதன் பயனாக உணவு வேளைகள் காக்கப்பட்டன; மாலையில் ஓய்வுப் பொழுது விடப்பட்டது; அவசரமில்லாத சிறு வேலைகள் தனிப்பட்டியலாக எழுதப்பட்டு, வீரர் தமக்கு இசைந்த நேரத்தில் செய்துகொள்ள விடப்பட்டன. விளைவு என்ன? 84 நாள் முடிவில், திட்டமிட்டதற்கும் மேலான பணியை அவர்கள் நிறைவேற்றியிருந்தனர். நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் உடற்பயிற்சியும் செய்ததால், குறைந்த காலம் இருந்த முந்திய குழுவினரைவிட நல்ல உடல்நிலையோடு 1974 பிப்ரவரி 8ஆம் நாள் பூமிக்கு மீண்டனர். ஓய்வு என்பது வேலையிலிருந்து திருடும் நேரமன்று, வேலைக்கே அடிப்படை என்பதை உணர்த்திய இந்நிகழ்ச்சியை, விண்வெளி வாழ்வின் வரலாற்றில் ஒரு திருப்பம் என்றே நாம் கருதுகிறோம்.

சோவியத் அறிஞர்களும் வேறொரு வழியில் இதே முடிவுக்கு வந்தனர். சல்யூத் 6 நிலையத்திற்கு இரண்டு வாயில்கள் இருந்தன. ஒன்றில் வீரர் வந்த கலம் நிற்க, மற்றொன்றில் விருந்தினர் கலமோ சரக்குக் கலமோ வந்து சேரலாம். 1978 ஜனவரியில் ஆளில்லாத முதல் சரக்குக் கலமான புரோகிரஸ் 1 எரிபொருளும் உணவும் பிற பொருள்களும் கொண்டு வந்து சேர்த்தது. கொண்டு சென்ற பொருள் தீர்ந்தால் திரும்ப வேண்டும் என்ற நிலை மாறியது. பொருளோடு கடிதமும் வந்தது. குடும்பத்தாரோடு பேச வாய்ப்பும் அளிக்கப்பட்டது. தனிமையின் சுமை அவ்வளவு பெரிது. 1982ஆம் ஆண்டில் சல்யூத் 7இல் பெரெஸவோயுடன் 211 நாள் வாழ்ந்த வாலன்தீன் லெபெதெவ், தம் நாட்குறிப்பில் சோர்வையும், ஒரே சுவருக்குள் நெடுநாள் இருக்கும் இருவரிடையே எழும் மனக்கசப்பையும் மறைக்காமல் எழுதினார். அவர்கள் வளர்த்த கடுகினத்துச் சிறுசெடி ஒன்று விண்வெளியிலேயே முளைத்து, பூத்து, மீண்டும் விதை தந்தது. செடிக்கு நீர் வார்ப்பது விஞ்ஞானப் பணியாக மட்டுமன்றி மனத்துக்கும் மருந்தாக அமைந்தது.

அந்த சல்யூத் 7 நிலையத்தில்தான் நம் நாட்டவர் முதன்முதலில் விருந்தினராகச் சென்று தங்கினார். 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ராகேஷ் சர்மா, மாலிஷெவ், ஸ்த்ரெகாலொவ் ஆகிய இருவரோடு புறப்பட்டார். நிலையத்தில் ஏற்கெனவே கிஸிம், சொலொவியொவ், மருத்துவர் அத்கொவ் ஆகியோர் குடியிருந்தனர். மைசூரில் உள்ள பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக் கூடம் ஆயத்தம் செய்த ரவை அல்வா முதலிய இந்திய உணவுகள் அங்குச் சென்றன. எடையின்மையின் தீங்கைத் தணிக்க யோகப் பயிற்சி உதவுமா என்பதையும் சர்மா தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். இந்தியா அங்கிருந்து எவ்வாறு தோன்றுகிறது என்று பிரதமர் இந்திரா காந்தி வினவியதும், இக்பால் பாடலின் முதலடியையே அவர் விடையாகக் கூறியதும் நாடறிந்த செய்தி.

1986இல் ஏவப்பட்ட மீர் நிலையத்தில் வாழ்வு இன்னும் நீண்டது. 1991 மே மாதம் அங்குச் சென்ற செர்கேய் கிரிக்கலியொவ், 1992 மார்ச்சில் மீண்டபோது அவரை அனுப்பிய சோவியத் நாடு இல்லை. அவர் பிறந்த லெனின்கிராடு நகரின் பெயரும் மாறியிருந்தது. அந்தப் பத்து மாதத்தில் உலகோடு அவரை இணைத்தவற்றுள் ஒன்று, பல நாட்டு வானொலி ஆர்வலரோடு அவர் நிகழ்த்திய உரையாடல். மருத்துவரான வலேரி பொல்யாகொவ் 1994 ஜனவரி முதல் 1995 மார்ச் வரை 437 நாள் தொடர்ந்து அங்கேயே இருந்தார். செவ்வாய்க் கோளுக்குச் செல்லும் நீண்ட பயணத்தை மனித உடல் தாங்குமா என்று காட்டுவதே அவர் நோக்கம். தரையிறங்கியதும் அவர் தம் காலால் சில அடிகள் நடந்தார். சோயூஸ் 9 வீரரைத் தூக்கிச் சென்ற நாளோடு இதை ஒப்பிட்டால், கால் நூற்றாண்டில் கற்றது எவ்வளவு என்பது விளங்கும்.

இப்பாடங்கள் அனைத்தும் ஒன்றுசேர்ந்த இடமே பன்னாட்டு விண்வெளி நிலையம். 2000ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் முதற்குடியினர் அதில் புகுந்தனர். கிரிக்கலியொவும் அவர்களுள் ஒருவர். 2025 நவம்பரில், மனிதர் இல்லாத நாள் ஒன்றும் இன்றி அதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்தன. அங்கே கடிகாரம் கிரீனிச் நேரத்தைக் காட்டுகிறது. காலை ஆறு மணி அளவில் எழுகின்றனர். நாளுக்கு இரண்டு மணி நேரம் அளவில் உடற்பயிற்சி; எட்டு மணிக்குச் சற்று மேல் உறக்கத்திற்கு ஒதுக்கம்; சனிக்கிழமை வீட்டைத் துப்புரவு செய்யும் நாள். உறக்கம் அலமாரியளவு அறையில், சுவரோடு பிணைத்த பைக்குள். அங்கு வெப்பக் காற்று தானாக மேலெழாததால், உறங்குவோர் வெளிவிட்ட கரியமில வாயு முகத்தைச் சூழ்ந்து நிற்கக்கூடும். ஆதலால் காற்றாடி ஓயாமல் சுழல வேண்டும். உடலின் நீர்மம் தலைப்பக்கம் ஏறி மூக்கடைப்பை உண்டாக்குவதால் சுவை மந்தமாகிறது. காரமான குழம்பை விரும்பிக் கேட்போர் பலர். துணி துவைப்பது இல்லை; அணிந்து பழகிய உடைகள் குப்பையோடு சரக்குக் கலத்தில் ஏற்றப்பட்டு, வளிமண்டலத்தில் எரிந்து போகின்றன. ஆனால் நீர் வீணாவதில்லை. வியர்வையும் மூச்சின் ஈரமும் சிறுநீரும் தூய்மை செய்யப்பட்டு மீண்டும் குடிநீராகின்றன. 2023ஆம் ஆண்டில் இந்த மீட்பு நூற்றுக்கு 98 பங்கை எட்டியது.

இவ்வாழ்வு எத்துணை உறுதிப்பட்டுவிட்டது என்பதற்கு ஒரு சான்று போதும். 2024 ஜூனில் சுமார் எட்டு நாள் பயணமாகச் சென்ற சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும், அவர்கள் சென்ற புதிய கலத்தில் நேர்ந்த கோளாற்றால் 286 நாள் கழித்து, 2025 மார்ச்சில் வேறொரு கலத்தில் மீண்டனர். அவர்களுக்கு உணவும் உடையும் உறங்குமிடமும் செய்யப் பணியும் அங்கு இருந்தன. அவர்களைக் காத்தது துணிவு மட்டுமன்று. அறுபது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த வீட்டு ஒழுங்கும் ஆகும்.

2025 ஜூன் 26ஆம் நாள் நம் நாட்டைச் சேர்ந்த சுபான்ஷு சுக்லா அந்நிலையத்தை அடைந்து, 18 நாள் தங்கினார். கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் மாம்பழச் சாறும் அவரோடு சென்றன. பச்சைப்பயறும் வெந்தயமும் அங்கே அவர் கையால் முளைவிட்டன. 2035ஆம் ஆண்டுக்குள் நமக்கென ஒரு விண்வெளி நிலையம் அமைக்க வேண்டும் என்னும் குறிக்கோளை 2023இல் நம் அரசு அறிவித்தது. ராக்கெட்டும் கலமும் செய்யும் திறமையை நம் விஞ்ஞானிகள் உலகறியக் காட்டியுள்ளனர். அதனினும் நுண்ணிய வேறொரு திறமையும் நமக்கு வேண்டும். மேலே இருப்பவர் களைப்பைச் சொல்லும்போது கீழே இருப்பவர் செவி கொடுத்தல், உண்ணும் வேளையை வேலைக்கு இரையாக்காமை, இடம் சிறிது மிச்சமாகும் என்பதற்காக ஒரு பாதுகாப்பைக் கைவிடாமை ஆகிய இவை பொறியியல் நூலில் மட்டும் கற்கத் தக்கன அல்ல. பிற நாட்டார் உயிரும் உடல்நலமும் கொடுத்துக் கற்ற இப்பாடங்களை, அவ்விலையை மீண்டும் கொடாமலே நாம் ஏற்றுக்கொள்ள முடியும். அதற்கு அவர்களுடைய அன்றாட வாழ்வின் வரலாற்றை நாம் கருத்தூன்றிக் கற்றல் வேண்டும்.